பேர் சொல்லாத வட்டம்

கூக்கால் ஏரிக்கு மேலே, தைல மரக்காட்டை ஒட்டியிருந்த சிலோன் காலனியில் தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. சோலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் போட்டு இறக்கிய தண்ணீர். தொட்டால் விரல் விறைத்துப்போகும். கொடைக்கானலில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் அதைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் குடம் வைக்கிற சிமெண்ட் மேடையில் பச்சைப் பாசி மெத்தை மாதிரி படர்ந்து கிடந்தது. சமீபத்தில் ஒரு குடத்தின் அடி உரசியிருந்தால்கூட அது அப்படி முழுசாக வளர்ந்திருக்காது. காலனிப் பெண்கள் தொட்டிப் பக்கமே திரும்பாமல், எதிர்ச்சரிவில் இறங்கி, ஓடையில் மொண்டுகொண்டு மூச்சிரைக்க ஏறிவந்தார்கள்.

ஏன் என்று கேட்டால், "தொட்டிக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம் நிறுவனம் கண்மணியை அங்கே அனுப்பியது. பாலசமுத்திரத்துக்காரி. அப்போதுதான் திண்டுக்கல் பக்கம் ஒரு மையத்தில் மக்கள் பங்கேற்பு முறையில் பயிற்சி முடித்து வந்திருந்தாள். தரையில் கோலப்பொடியால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு பிரச்சினை என்று வைத்து, எது பெரிது என்று மக்களையே கூழாங்கல் வைத்துக் காட்டச் சொல்லும் முறை அது. எழுதத் தெரியாதவர்களும் வைக்கலாம். வாய் திறக்கப் பயப்படுகிறவர்களும் வைக்கலாம்.

கிளம்பும்போது அவளுடைய ஒருங்கிணைப்பாளர் கந்தவேல் சொன்னார். "கொஸ்டினேர் எதுவும் எடுத்துட்டுப் போகாதே. நாம கட்டின தொட்டிக்கு நாமளே மார்க் போட்டா அது எவாலுவேஷன் ஆகாது. அவங்களே சொல்லட்டும்."

வேலை இல்லாத ஒரு நாள் மத்தியானம், காலனி நடுவில் இருந்த வெற்றிடத்தில் பெண்கள் கூடினார்கள். எல்லாரும் சுற்றியிருக்கும் பூண்டு வயல்களிலும் கேரட் வயல்களிலும் கூலிக்குப் போகிறவர்கள். மாதர் சங்கத் தலைவி அமிர்தவல்லி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, கப்பலேறி வந்தவள். அவளுக்குப் பக்கத்தில் மூக்கம்மா. பூண்டி ஊர்க்காரி, காலனியில் வாழ்க்கைப்பட்டவள். கூட்டத்தின் ஓரத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேலுத்தாய் என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பேர் கேட்டபோது அவளுக்காக மூக்கம்மாதான் சொன்னாள்.

"அவ பேச மாட்டா டீச்சர்."

பிறவி ஊமை போலிருக்கிறது என்று கண்மணி நினைத்துக்கொண்டாள்.

பஸ், கூலி, விறகு, தண்ணீர் என்று அவர்கள் சொன்ன பிரச்சினைகளுக்கெல்லாம் ஆளுக்கொருத்தி வட்டம் போட்டார்கள். சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. பஸ் வட்டத்துக்குள் ஒருத்தி ஒரு நத்தையைப் பிடித்து வைத்தாள். கண்மணி கூடுதல் கற்கள் பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பேச்சு நின்றிருந்தது. தரையில் இன்னொரு வட்டம் இருந்தது. மற்ற வட்டங்களுக்குள் அடையாளமாகச் சுள்ளியோ குடத்தின் படமோ இருந்தது. இதற்குள் ஒன்றும் இல்லை.

"இது என்னக்கா?"

ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து, குனிந்து, கையிலிருந்த கற்களை அந்த வெறும் வட்டத்துக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். கல்லோடு கல் உரசாமல், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் வைப்பது போல வைத்தார்கள். மற்ற வட்டங்கள் காலியாகவே கிடந்தன.

மௌனம் வந்தால் அதை உங்கள் பேச்சால் நிரப்பாதீர்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கண்மணி காத்திருந்தாள். தைல மரங்களுக்கு இடையிலிருந்து மஞ்சு மூட்டம் இறங்கி வந்து தரையை மூட ஆரம்பித்தது. அமிர்தவல்லி எழுந்து, கற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அந்த வட்டத்தை மட்டும் காலால் நன்றாகத் தேய்த்து அழித்தாள்.

"மஞ்சு எறங்கிருச்சு. வெரசாப் போங்க டீச்சர், வண்டி போயிரும்" என்றாள் மூக்கம்மா.

கந்தவேலிடம் சொன்னபோது அவர், "சரி, அந்தச் சர்க்கிளுக்கு ஹெட்டிங் என்ன?" என்று கேட்டார்.

"ஹெட்டிங் இல்ல சார்."

"ஹெட்டிங் இல்லாம ரிப்போர்ட்ல என்னன்னு போடுவேன்?"

அன்றிலிருந்து, கண்ணை மூடினால் பெண்கள் குனிந்து குனிந்து கல் வைக்கும் விதம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த முறை போனபோது அவள் கல் பொறுக்கப் போகவில்லை. கோலப்பொடிக் கிண்ணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கிண்ணம் கைமாறிக் கைமாறி ஓரத்துக்குப் போனது. வேலுத்தாய் முட்டி போட்டு முன்னால் நகர்ந்து வந்து, ஒரே இழுப்பில் அந்த வட்டத்தைப் போட்டாள்.

கண்மணி அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். "நீங்க போட்டதா அக்கா இது? அது எங்க இருக்குன்னு காட்டுறீங்களா?"

வேலுத்தாய் மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்தாள். சதுரத்திலிருந்து மரங்களை நோக்கி ஒரு நீளக் கோடு. தொட்டியும் குழாயும்.

கண்மணி ஒரு பெண் கேட்கக்கூடிய கேள்வியை முதலில் கேட்டாள். "அங்க யாராச்சும் ஆம்பளை நிக்கானா? தப்பா நடந்துக்கிட்டானா? ஆமான்னா எங்கிட்ட ஒரு கல்லு குடுங்க. இல்லேன்னா கீழ போட்டுருங்க."

வேலுத்தாய் கல்லைக் கீழே போட்டாள். பிறகு இன்னொரு கல்லை எடுத்து அமிர்தவல்லியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். சொல் என்று அர்த்தம். அமிர்தவல்லி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இவ பிறவி ஊமையில்லை டீச்சர். எங்க எல்லாரையும் விட மிச்சம் கதைக்கிறவ. வேலைக்காட்டுல இவ கத்துற சத்தம் அடுத்த மலைக்குக் கேக்கும். தொட்டி கட்டின புதுசுல நாங்க எல்லாரும் அங்கதான் தண்ணி எடுத்தோம். ஒருநாள் மஞ்சு கெட்டியா இருந்த நேரம் இவ தனியாப் போயிருக்கா. குடத்தை நெறைச்சுட்டுத் திரும்பும்போது பின்னால ஒரு பொம்பளைக் குரல் கூப்புட்டுச்சாம். 'வேலுத்தாயி, இந்தக் குடத்தைக் கொஞ்சம் தூக்கி விடேன்'னு."

தண்ணீர் எடுக்கிற இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கிற உதவிதான் அது.

"இவளும், இருங்க வாரேன்னு சொல்லியிருக்கா. அதுதான் இவ கடைசியாக் கதைச்சது. திரும்பிப் பார்த்தா ஆளில்லை. வீட்டுக்கு வந்து புருஷனைக் கூப்புட வாயைத் திறந்தா குரல் இல்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். தொண்டை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க."

"பயத்துல அப்படி ஆகும்க்கா" என்றாள் கண்மணி. அவளுக்கே அந்தக் குரல் நம்பிக்கையில்லாமல் ஒலித்தது.

மூக்கம்மா குறுக்கே வந்தாள். "நாங்களும் அப்படித்தான் டீச்சர் நெனைச்சோம். அப்புறம் நான் ஒருநாள் தண்ணிக்குப் போனேன். பின்னாலயிருந்து என்னையக் கூப்புட்டது இவ குரலு. இவ எங்கூட பத்து வருசமாப் பேசுன குரலு எனக்குத் தெரியாதா? குடத்தைப் போட்டுட்டு ஓடியாந்து பாத்தா, இவ வீட்டு வாசல்ல கம்முனு உக்காந்து அரிசி பொடைச்சுக்கிட்டு இருக்கா."

அதன்பிறகு யாரும் அங்கே போகவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பேசினால் அது காதில் வாங்கும் என்று பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேலுத்தாய் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அவள் குரல் காட்டுக்குள் அலைகிறது என்று எப்படிப் பேசுவது? அவளிடமிருந்து அதை மறைப்பதாக ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளோ தன் காதாலேயே ஓடைக்கரையிலிருந்து அதைக் கேட்டிருந்தாள். கல்லும் பொடியும் வந்த பிறகுதான் அவளால் அதைச் சொல்ல முடிந்தது.

கண்மணி அவர்களை நம்பினாளா என்றால், அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவரை நம்பினாள். என்ன செய்யலாம் என்று கேட்டாள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசனைக்கு ஒரு வட்டம் போட்டார்கள். தொட்டியை இடித்துவிடலாம். பூண்டியிலிருந்து சாமியாடியைக் கூட்டிவரலாம். இப்படியே ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேலுத்தாயின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் எதிலும் கல் வைக்கவில்லை.

"கூட்டமாப் போனா?" என்றாள் ஒருத்தி.

"போனோமே" என்றாள் மூக்கம்மா. "கூட்டத்துல ஒருத்தி பேரைத்தான் கூப்புடும். அவளுக்குக் காலு தன்னால திரும்பும். மத்தவ புடிச்சு இழுக்க வேண்டிக் கெடக்கு."

அமிர்தவல்லி கையிலிருந்த கல்லை உருட்டிக்கொண்டிருந்தாள். "தேயிலைத் தோட்டத்துல காலையில எல்லாரும் வரிசையா நிக்கிற பிரட்டுக் களத்துல ஆள் எடுப்பாங்க" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "கங்காணி பேர் கூப்புடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒருத்தி வராம இருந்தா, அவ பேரைக் கூப்புடும்போது நாங்க அத்தனை பேரும் ஒண்ணாச் சேர்ந்து 'இருக்கேன்'னு கத்துவோம். யார் சொன்னதுன்னு கங்காணிக்குப் பிடிக்க ஏலாது. திட்டுவார். ஆனா அன்னைய கூலிக்கு அவ பேரைப் போட்டுருவார்."

"ஒருத்தி பதில் சொன்னா அவ குரலை எடுக்கும்" என்றாள் மூக்கம்மா. "அம்புட்டுப் பேரும் சொன்னா எதை எடுக்கும்?"

வேலுத்தாய் எழுந்து ஒரு புது வட்டம் போட்டு, தன் கற்கள் எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினாள்.

மஞ்சு இறங்கும் நேரத்துக்காக அவர்கள் குடங்களோடு காத்திருந்தார்கள். கண்மணி பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றாள். நடத்துகிறவர் வெளியே நிற்க வேண்டும், முடிவும் செயலும் மக்களுடையது என்று பயிற்சியில் படித்திருந்தாள். அதோடு அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

அமிர்தவல்லி ஒரு குடத்தைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் வைத்தாள். "வெளிய நிண்டு பாக்குற வேலையா டீச்சர் இது? வாங்க."

தொட்டிக்குப் போகும் பாதை குறுகல். ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். முன்னால் போகிறவளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தண்ணீர் வழியும் சத்தம் முதலில் கேட்டது. பிறகுதான் தொட்டி தெரிந்தது. பாசி கொஞ்சமும் கலையாமல் இருந்தது. எல்லாரும் தொட்டியைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். வேலுத்தாய் நடுவில்.

முதலில், யாரோ குடத்தைச் சிமெண்டில் வைக்கும் சத்தம் வந்தது. பாசியில்லாத வெறும் சிமெண்டில் பித்தளை உட்காரும் சத்தம். அவர்கள் குடங்கள் எல்லாம் இடுப்பில் இருந்தன. பிறகு கண்மணிக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு குரல் சொன்னது.

"கண்மணி, இந்தக் குடத்தைக் கொஞ்சம் தூக்கி விடேன்."

கணீரென்ற குரல். அடுத்த மலைக்குக் கேட்கும் என்று சொன்னார்களே, அப்படிப்பட்ட குரல். அதில் கெடுதலாக எதுவும் இல்லை. கொஞ்சம் களைப்பு இருந்தது. அந்தக் காலனியில் அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பதில் சொல்லாமல் நிற்பது பெரிய மரியாதைக் கேடு என்று அவளுக்குத் தோன்றியது. குதிகால் தானாகத் திரும்பியது. இதோ வர்றேன் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எதிரே வேலுத்தாயின் முகத்தைப் பார்த்தாள். தன் குரலைக் கேட்டுக்கொண்டு, வாயை இறுக மூடி, கண்ணில் நீர் வழிய அவள் நின்றிருந்தாள்.

அமிர்தவல்லி கையை உயர்த்தி இறக்கினாள்.

"இருக்கேன்."

எல்லாரும் ஒன்றாகச் சொன்னார்கள். கண்மணியும் சொன்னாள். தன் குரல் எது என்று அவளுக்கே பிரிக்க முடியவில்லை.

தண்ணீர் வழியும் சத்தம் நின்றது. தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. அப்புறம் சோலைப் பக்கமிருந்து "இருக்கேன்" என்று வந்தது. எதிரொலி என்றால் உடனே வந்திருக்க வேண்டும். இது தாமதமாக, ஒவ்வொரு குரலாக வந்தது. மூக்கம்மாவின் குரலில் ஒரு தடவை. அமிர்தவல்லியின் குரலில் ஒரு தடவை. போட்டுப் பார்த்து, பொருந்தாமல், கழற்றி வைப்பது போல. தன் குரல் வந்தபோது கண்மணி பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல்கள் மரங்களுக்குள் தூரமாகிக் கொண்டே போய், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கடைசியில் வெறும் முணுமுணுப்பாகக் கரைந்தன. தண்ணீரின் சத்தம் திரும்ப வந்தது.

மூக்கம்மாதான் முதலில் அசைந்தாள். பாசியின் மேல் குடத்தை வைத்து ஒரு தேய் தேய்த்தாள். பச்சையாகப் பிய்ந்து வந்தது.

"சோலி முடிஞ்சுது. புடிங்கடி தண்ணிய."

அன்றிலிருந்து காலனிக்குத் தொட்டித் தண்ணீர்தான். முதலில் கூட்டமாகப் போனார்கள். பிறகு இரண்டு மூன்று பேராக. பிறகு தனியாகவும் போக ஆரம்பித்தார்கள். யாரையும் எதுவும் கூப்பிடவில்லை.

சில நாள் கழித்து வேலுத்தாய் அடுப்படியிலிருந்து புருஷன் குழந்தைவேலிடம் உப்பு எடுத்துத் தரச் சொன்னாள். அவன் உப்பை எடுத்துக்கொண்டு போய், மூக்கம்மா எங்கே என்று தேடினான். வீட்டில் வேலுத்தாய் மட்டும்தான் இருந்தாள். அவளுடைய சொந்தக் குரல் திரும்பி வரவேயில்லை. காலையில் மூக்கம்மா மாதிரி பேசுவாள். வயலில் அமிர்தவல்லி மாதிரி கூப்பிடுவாள். பிள்ளைகள் வேறு யாரோ கூப்பிட்டதாக நினைத்து வேறு வீட்டுக்கு ஓடும். முதலில் சிலர் அவளோடு பேசவே கூசினார்கள். நாளாக ஆகப் பழகிவிட்டது. பேசுகிறாளே, அது போதும் என்றார்கள். அவளும் பழையபடி நிறையப் பேசினாள்.

பூண்டு அறுப்பு முடிந்த சமயம் கந்தவேல் மதிப்பீட்டுக்கு நேரில் வந்தார். தொட்டி எப்படி இருக்கிறது என்று பெண்கள் தாங்களே வட்டம் போட்டுக் கல் வைத்தார்கள். குழாய்க்கு வலை போட வேண்டும், மேடையை உயர்த்த வேண்டும் என்று குறைகளையும் சொன்னார்கள். பேர் இல்லாத வட்டம் எதையும் யாரும் போடவில்லை. கந்தவேலுக்கு ரொம்பத் திருப்தி. குனிந்து எழுதிக்கொண்டே, "முதல்ல யூஸ் பண்ணாம இருந்தீங்க, இப்ப யூஸ் பண்றீங்க. என்ன மாறுச்சு?" என்று கேட்டார்.

"ஒருத்திக்கு வந்த கஷ்டத்தை எல்லாரும் சேர்ந்து வாங்கிக்கிட்டோம் சார்" என்று பதில் வந்தது.

கந்தவேல் தலை நிமிராமல், "கண்மணி, நீ சொல்லாதே. அவங்க சொல்லட்டும்" என்றார்.

கண்மணி வாயே திறக்கவில்லை. பேசியது வேலுத்தாய். பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கண்மணிக்கு, வெளியே நின்று தன் குரலைக் கேட்பது, யாரோ தன் சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே நடந்து வருவது போல இருந்தது. "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அதை மெதுவாகச் சொன்னாள்.

கூட்டம் முடிந்து கந்தவேல் ஜீப்பில் கிளம்பிப் போனார். கண்மணி பூண்டியில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி பஸ்ஸுக்கு நின்றுகொண்டாள். வேலுத்தாய் பாதை வரைக்கும் கூட வந்தாள்.

"உங்களுக்குச் சங்கடமா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். அதுவும் கண்மணியின் குரலிலேயே வந்தது. அவள் கையைப் பிசைந்தாள். "எது எப்ப வரும்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. நானா எடுக்கல."

கண்மணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் காய்ந்த, நாற்பதைத் தொடும் முகம். கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் திரும்ப வந்திருந்தது. குரலைக் கேட்காமல் முகத்தை மட்டும் பார்த்தால் பயம் இல்லை.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "பேசுங்க. உங்க சொந்தக் குரலை அன்னைக்குத் தொட்டிகிட்ட நானும் கேட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

வேலுத்தாய் தலையசைத்தாள். "இப்ப அது காட்டுக்குள்ளயாச்சும் இருக்கான்னு தெரியல" என்றாள். அந்த வார்த்தைகள் மூக்கம்மாவின் குரலில் வந்தன.

பஸ் வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கேரட் மூட்டைகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். கண்மணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பூண்டி" என்றாள். டிக்கெட்டை வாங்கி மடித்த பிறகும் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

"பூண்டி ஒண்ணு" என்று, தன் குரல்தானா என்று காது கொடுத்தபடி, இன்னொரு தடவை சொன்னாள்.

"குடுத்தாச்சேம்மா" என்றார் கண்டக்டர்.